விடை சொல்லிப் பெயர் வாங்குவது எப்படி: கேள்வி பதில் தளங்களின் புள்ளிக் கணக்கு

கேள்வி பதில் தளம் ஒன்றில் சேர்ந்த முதல் வாரத்தில் பதினொரு விடைகள் எழுதினேன். ஒன்பதை யாரும் சீண்டவில்லை. ஒன்றுக்கு எதிர்வாக்கு விழுந்தது. மிச்சமிருந்த ஒன்று மூன்றே வரி. எழுத நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த மூன்று வரிதான் இன்றுவரை மாதம் தவறாமல் எனக்குப் புள்ளி கொண்டுவருகிறது. நள்ளிரவு தாண்டியும் கண்விழித்து எழுதிய நீண்ட விடைகள் தூசி படிந்து கிடக்கின்றன.

அநியாயம் என்றுதான் அப்போது பட்டது. கணக்கு புரிய இரண்டு ஆண்டுகள் பிடித்தன. இந்தத் தளங்களில் புள்ளி எண்ணுவது, நம் விடையால் எத்தனை பேருக்குக் காரியம் ஆயிற்று என்பதைத்தான். அதையும் குத்துமதிப்பாகத்தான் எண்ணுகிறது. எழுதியவரின் அறிவையோ உழைப்பையோ அளக்க அதனிடம் கோல் கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள படிகளில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

முதல் படி: எந்த ஊர் நாணயம் என்று பாருங்கள்

ஒவ்வொரு தளமும் தனக்கென்று ஒரு நாணயம் அச்சடிக்கிறது. எதற்குக் கூலி கொடுக்கிறார்களோ அது அங்கே பெருகும். 2005 முதல் 2021 வரை இயங்கிய யாகூ ஆன்சர்ஸ் தளத்தில் கேள்வி கேட்க 5 புள்ளி செலவு. விடை எழுதினால் 2 புள்ளி வரவு. சிறந்த விடையாகத் தேர்ந்தால் 10. விடை சரியா தவறா என்று பாராமலே அந்த 2 புள்ளி கிடைத்துவிடும். விளைவு எல்லோரும் அறிந்ததுதான்: "எனக்குத் தெரியாது" என்று ஒரே வரி எழுதிவிட்டு இரண்டு புள்ளியோடு நகர்ந்தவர்கள் ஏராளம்.

அதற்கும் முன்பே, 1997இல் தொடங்கிய ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம், 'கர்மா' என்ற பெயரில் உறுப்பினர்களுக்கு மதிப்பெண் கொடுத்தது. ஆட்கள் எண்ணைத் துரத்த ஆரம்பித்ததும் முதலில் 50 என்று உச்சவரம்பு வைத்தார்கள். பிறகு எண்ணையே மறைத்துவிட்டு 'நன்று', 'மிக நன்று' என்பது போன்ற சொற்களாக மாற்றினார்கள். ரெடிட் அதே பெயரை எடுத்துக்கொண்டு, பதிவுக்கும் மறுமொழிக்கும் தனித்தனிக் கர்மா வைத்தது. கோராவில் மொத்தப் புள்ளி என்று முகப்பில் எதுவும் தொங்குவதில்லை. ஆதரவு வாக்கும் பார்வைகளும் பின்தொடர்வோர் எண்ணிக்கையும்தான் அங்கே செல்வாக்கு.

எனக்குப் பிடித்த ஏற்பாடு, இணைய உரையாடல் மன்றங்களை நடத்த உதவும் டிஸ்கோர்ஸ் மென்பொருளில் இருக்கிறது. 0 முதல் 4 வரை நம்பிக்கை நிலைகள். முதல் நிலைக்கு ஏற, ஒரு வரிகூட எழுத வேண்டாம். வழக்கமான அமைப்பின்படி ஐந்து உரையாடல்களுக்குள் நுழைந்து, முப்பது பதிவுகளைப் படித்து, மொத்தம் பத்து நிமிடம் வாசிப்பில் செலவிட்டால் போதும். காது கொடுத்துக் கேட்டவனுக்குத்தான் பேச இடம் என்கிறது அந்த அமைப்பு. மூன்றாம் நிலை இன்னும் சுவாரசியம்: கடைசி 100 நாள்களின் நடவடிக்கையை வைத்து அது கணிக்கப்படுகிறது, ஒதுங்கிவிட்டால் கையைவிட்டுப் போய்விடும்.

நீங்கள் சேரப்போகும் தளம் எதற்குக் கூலி தருகிறது என்பதை அதன் உதவிப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து படியுங்கள். இந்த வழிகாட்டியின் மீதிப் பகுதிக்கு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை எடுத்துக்கொள்கிறேன். ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் 2008இல் தொடங்கிய, நிரலாளர்களுக்கான கேள்வி பதில் தளம் அது. புள்ளி முறையை அவ்வளவு விரிவாக வகுத்து, விதிகளையும் வெளிப்படையாக எழுதிவைத்தவர்கள் குறைவு.

இரண்டாம் படி: வரவு செலவைப் பழகுங்கள்

எல்லோரும் 1 புள்ளியில் தொடங்குகிறார்கள்; எவ்வளவு அடி வாங்கினாலும் அதற்குக் கீழே இறங்காது. உங்கள் விடைக்கு ஓர் ஆதரவு வாக்கு விழுந்தால் 10. கேள்விக்கு விழுந்தாலும் 10. முன்பு 5 ஆக இருந்ததை 2019இல் உயர்த்தினார்கள், நல்ல கேள்வி கேட்பதும் உழைப்புதான் என்று. கேட்டவர் உங்கள் விடையை ஏற்றுக்கொண்டால் 15. ஏற்றதற்காக அவருக்கும் 2. உங்கள் பதிவுக்கு எதிர்வாக்கு விழுந்தால் 2 குறையும். நீங்கள் ஒருவருடைய விடைக்கு எதிர்வாக்குப் போட்டால் உங்கள் கையிலிருந்தும் 1 போகும். கேள்விக்குப் போடும் எதிர்வாக்குக்கு அந்தக் கட்டணம் இல்லை.

இதிலிருந்து வரும் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஐந்து பேர் ஆதரித்து ஐந்து பேர் எதிர்த்த விடையின் பக்கத்தில் சுழியம் என்றுதான் தெரியும். எழுதியவர் கணக்கிலோ 40 புள்ளி ஏறியிருக்கும். ஆகவே எதிர்வாக்கைக் கண்டு தூக்கம் கெட வேண்டியதில்லை. ஓர் ஆதரவு வாக்கை அழிக்க ஐந்து எதிர்வாக்கு வேண்டும்.

வாக்குகளால் ஒரு நாளைக்கு 200 புள்ளிக்கு மேல் சேராது. ஏற்புக்கும் வெகுமதிக்கும் (ஏழாம் படியில் வரும்) அந்த வரம்பு கிடையாது. 2018 ஜனவரியில் ஜான் ஸ்கீட் என்ற நிரலாளர் பத்து லட்சம் புள்ளியை எட்டினார். அந்தத் தளத்தில் அதை எட்டிய முதல் ஆள் அவர். ஒரு நாள் விடாமல் 200 சேர்த்தாலும் பத்து லட்சத்துக்கு 5,000 நாள் வேண்டும். தளம் பிறந்தே அப்போது ஒன்பதரை ஆண்டு ஆகவில்லை. அப்படியானால் மீதி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஏற்புகளிலிருந்து. கூட்டத்தின் கைதட்டலைவிட, கேட்டவர் "ஆம், இதுதான்" என்று சொல்வதற்கு அங்கே வரம்பில்லாத மதிப்பு.

புள்ளிக்கு ஈடாகக் கிடைப்பது சாவிக்கொத்து. நெடுநாளாக இருந்துவரும் ஏணி இது: 15இல் ஆதரவு வாக்கு, 50இல் பிறர் பதிவுகளில் கருத்து, 125இல் எதிர்வாக்கு, 2,000இல் யாரிடமும் கேட்காமல் பிறர் பதிவைத் திருத்தும் உரிமை, 3,000இல் கேள்வியை மூடுவதற்கு வாக்கு, 10,000இல் அழிக்கப்பட்ட பதிவுகளைப் பார்க்கும் கண். இந்த எண்களைத் தளம் அவ்வப்போது மாற்றும். உங்கள் தளத்தின் உரிமைப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். சகோதரத் தளங்களில் ஏதாவது ஒன்றில் 200 புள்ளி எட்டிவிட்டால் மற்றவற்றில் 100 புள்ளி இனாமாகச் சேரும். புது இடத்தில் வாய்பேசாமல் நிற்கும் சங்கடம் அதனால் தவிர்கிறது.

மூன்றாம் படி: எழுதுவதற்கு முன் திருத்துங்கள்

புதியவர்கள் பெரும்பாலோர் தவறவிடும் வாசல் இது. பிறருடைய பதிவில் எழுத்துப் பிழை, குழம்பிய தலைப்பு, சிதறிக் கிடக்கும் நிரல் ஆகியவற்றைச் சரிசெய்து பரிந்துரைக்கலாம். ஏற்கப்பட்டால் திருத்தத்துக்கு 2 புள்ளி. இந்த வழியில் ஆயுளுக்கும் 1,000 வரைதான் சேரும். தொகை சிறிது. ஆனால் ஐம்பது கேள்விகளைத் திருத்தியவருக்கு, எது நல்ல கேள்வி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே ஒரு காற்புள்ளியை மட்டும் நகர்த்திவிட்டுப் புள்ளி கேட்காதீர்கள்; மறுபார்வை செய்வோர் அதைச் சலிப்போடு நிராகரிப்பார்கள்.

அடுத்து, ஒரு கேள்வி கேளுங்கள். கேட்கும் முன் தேடுங்கள். நீங்கள் எதை முயன்றீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, பிழைச் செய்தி சொல்லுக்குச் சொல் என்ன என்பதை எழுதுங்கள். 'அவசரம்', 'தயவுசெய்து உதவுங்கள்' என்பவை தலைப்பில் வேண்டாம். அவை யாருடைய தேடலிலும் அகப்படாத சொற்கள். மோசமான கேள்விகளை வரிசையாகப் போட்டால், மேலும் கேட்க முடியாதபடி தளமே தானாகத் தடைவிதிக்கும். பழையவற்றை அழித்துவிட்டால் தடை நீங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நீங்காது.

உங்கள் கேள்விக்கு நீங்களே விடை கண்டுபிடித்தால் அதையும் எழுதுங்கள். அனுமதி உண்டு, அந்த விடைக்கு மூன்று ஆதரவு வாக்கு விழுந்தால் அதற்கென்றே ஒரு பதக்கமும் உண்டு. சொந்த விடையை நீங்களே ஏற்றால் 15 புள்ளி மட்டும் கிடைக்காது. "கிடைத்துவிட்டது, நன்றி" என்று மட்டும் எழுதிவிட்டு மறைபவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அதே சிக்கலில் மாட்டிக்கொண்டு தேடி வரும் அடுத்த ஆளுக்கு, பூட்டிய கதவைக் காட்டிவிட்டுப் போகிறார்கள்.

நான்காம் படி: எந்தக் கேள்வியை எடுப்பது

ஆட்கள் நிறைந்த பிரிவில் கேள்வி விழுந்த ஐந்து நிமிடத்தில் மூன்று விடைகள் வந்துவிடும். முதலில் வந்தவருக்கே வாக்கு ஒட்டிக்கொள்ளும். அங்கே போட்டியிடுவதானால் சரியான விடையை இரண்டு வரியில் முதலில் போட்டுவிட்டு, உடனே திருத்தி விரிவாக்குங்கள். முதல் ஐந்து நிமிடத்துக்குள் செய்யும் திருத்தங்கள் திருத்த வரலாற்றில் தனியாகப் பதிவாவதுகூட இல்லை. அரைகுறை விடையைப் போட்டு இடம் பிடிப்பது வேறு, அதைச் செய்யாதீர்கள்.

இந்த ஓட்டப்பந்தயம் எனக்கு ஒத்துவரவில்லை. கேள்வியின் துறையைக் காட்டும் குறிச்சொற்களில் கூட்டம் குறைந்தவற்றுக்குப் போனேன். விடையில்லாமல் இரண்டு ஆண்டுகளாகக் கிடந்த கேள்விகளைத் தோண்டினேன். கேட்டவர் எப்போதோ போயிருப்பார், ஏற்பு கிடைக்காது. ஆனால் அந்தப் பக்கத்துக்குத் தேடுபொறி வழியாக ஆட்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். கேள்வி கேட்டு அறுபது நாளுக்குப் பிறகு எழுதிய விடை ஐந்து வாக்கு வாங்கினால் வெள்ளிப் பதக்கம். இறந்ததை எழுப்பும் மந்திரவாதி என்று பொருள்படும் பெயர் அதற்கு.

புள்ளி எதன் பின்னால் போகிறது என்பதற்குத் தளத்திலேயே சான்று இருக்கிறது. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில், தவறாகப் பதிந்த கடைசி மாற்றத்தை எப்படித் திரும்பப்பெறுவது என்று 2009இல் ஒருவர் கேட்டார். தளத்தில் அதிக வாக்கு பெற்ற கேள்விகளில் அது ஒன்று. அதில் கடினம் ஒன்றுமில்லை. ஆனால் நிரல் எழுதும் எல்லோரும் என்றைக்காவது அந்தத் தவறைச் செய்கிறார்கள், அந்தப் பக்கத்துக்கு ஓடுகிறார்கள், வாக்குப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பத்துப் பேருக்கு மட்டுமே புரியும் அரிய சிக்கலை நீங்கள் அவிழ்த்தால் அதிகபட்சம் பத்து வாக்கு. அதை எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை. எழுதிவிட்டு எண்ணைப் பார்த்து மனம் நோகாதீர்கள்.

ஐந்தாம் படி: விடை எழுதுதல்

இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். உங்கள் விடைக்கு இரண்டு வாசகர்கள். ஒருவர் கேட்டவர். மற்றவர் மூன்று ஆண்டு கழித்து, வேலை பாதியில் நிற்க, எரிச்சலோடு தேடி வருபவர். முதலாமவர் ஒருவர்தான், இரண்டாமவர் ஆயிரக்கணக்கில் வருவார். இருவருக்கும் முதல் வரியிலேயே நோய் என்ன என்று தெரிய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் '2020-01-15' என்று தேதி கொடுத்தால் திரையில் ஜனவரி 14 என்று வருகிறது, ஏன் என்று ஒருவர் கேட்கிறார். மோசமான விடை: "நேர மண்டலச் சிக்கல். இந்த வரியைச் சேர்த்துப் பாருங்கள்." வரி வேலை செய்யக்கூடும். ஆனால் எதற்காகச் சேர்க்கிறோம் என்று தெரியாமல் சேர்ப்பவர் நாளை இன்னோர் இடத்தில் விழுவார்.

நல்ல விடை இப்படித் தொடங்கும்: "நேரம் இல்லாமல் தேதியை மட்டும் கொடுத்தால், அது உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளப்படும். உங்கள் கணினி கிரீன்விச்சுக்கு மேற்கே உள்ள மண்டலத்தில் இருப்பதால், உள்ளூர் நேரத்தில் அது முந்தைய நாள் மாலையாகிவிடுகிறது." நோய் தெரிந்துவிட்டது. அடுத்து மருந்து: தேதியோடு நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும், அல்லது காட்டும்போதே பொது நேரத்தில் காட்டச் சொல்லலாம். இரண்டுக்கும் அப்படியே எடுத்து ஓட்டிப் பார்க்கக்கூடிய நிரல். பிறகு எல்லை: பிறந்தநாள் போன்ற வெறும் தேதிகளுக்கு எந்த வழி பொருந்தும், சந்திப்பு நேரங்களுக்கு எது பொருந்தாது. கடைசியாக, கிழக்கு மண்டலத்தில் இருப்பவர்கள் இந்தப் பிழையைச் சோதனையில் பார்க்கவே மாட்டார்கள் என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் பட்டுத் தெரிந்தவர் எழுதியது என்று காட்டிக்கொடுக்கும். வாசகர் ஆதரவு வாக்கை அங்கேதான் அழுத்துகிறார்.

நிரலைப் போடும் முன் ஓட்டிப் பாருங்கள். வெளியே உள்ள பக்கத்துக்கு இணைப்பு மட்டும் கொடுத்துவிட்டு ஓடாதீர்கள். இணைப்பு செத்தால் விடையும் சாகும். எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள் என்று சொல்லுங்கள். கேட்டவரின் அறியாமையைக் குத்திக்காட்டும் முதல் வாக்கியத்தை எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள். எனக்கு அந்தப் பழக்கம் இருந்தது. சரியான விடைக்கும் எதிர்வாக்கு விழுவதன் காரணம் எனக்கு நெடுநாள் விளங்காமலே இருந்தது.

ஆறாம் படி: போட்ட பிறகு

அடுத்த ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். கேட்டவர் கருத்தில் ஏதாவது சந்தேகம் கேட்பார். அதற்குக் கருத்திலேயே பதில் சொல்லிவிடாமல் விடைக்குள் சேர்த்துவிடுங்கள். எதிர்வாக்கு விழுந்து காரணம் சொல்லப்படவில்லையா? யார் என்று துப்பறிய வேண்டாம். விடையை இன்னொரு முறை, எழுதியவர் வேறு யாரோ என்ற பாவனையில் படியுங்கள். தவறு இருந்தால் திருத்துங்கள். முழுவதும் தவறென்றால் அழியுங்கள். புள்ளி இழப்பும் கூடவே அழிந்துவிடும். மிகவும் எதிர்க்கப்பட்ட தன் பதிவைத் தானே நீக்குபவருக்குக்கூட ஒரு வெண்கலப் பதக்கம் வைத்திருக்கிறார்கள், குறும்புக்காரர்கள்.

ஏற்பு உங்களுக்குக் கிடைக்காமல், உங்களைவிடச் சுமாரான விடைக்குப் போகும். நடக்கும். 2021 முதல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஏற்கப்பட்ட விடையை எப்போதும் உச்சியில் நிறுத்துவதை விட்டுவிட்டார்கள். வாக்கு கூடினால் உங்களுடையது மேலே ஏறும். காத்திருங்கள்.

ஏழாம் படி: வெகுமதி

கேள்வி கவனிப்பாரற்றுக் கிடந்தால் சொந்தப் புள்ளியைப் பணயம் வைக்கலாம். குறைந்தது 75 புள்ளி கையில் வேண்டும். 50 முதல் 500 வரை அறிவிக்கலாம். ஏழு நாள் ஓடும். அறிவித்த கணத்தில் புள்ளி கணக்கிலிருந்து போய்விடும். விடை வந்தாலும் வராவிட்டாலும் திரும்பாது. ஆகவே கேள்வியை முதலில் கூர்மையாகத் திருத்திவிட்டு, அப்புறம் அறிவியுங்கள். விடை சொல்பவராக இருந்தால் வெகுமதிப் பட்டியலை அடிக்கடி பாருங்கள்: அங்கே போட்டி குறைவு, சிக்கல் உண்மையானது, தினசரி வரம்பும் இல்லை.

எட்டாம் படி: குறுக்கு வழிகளை மறந்துவிடுங்கள்

நண்பர்கள் கூடி ஒருவருக்கொருவர் வாக்குப் போட்டுக்கொள்வதும், இன்னொரு பெயரில் கணக்குத் தொடங்கித் தனக்கே போட்டுக்கொள்வதும் பழைய தந்திரங்கள். தொடர்வாக்கைக் கண்டுபிடிக்கும் நிரல் அன்றாடம் ஓடுகிறது. சேர்ந்த புள்ளி மறுநாள் கழிந்து நிற்கும், வரலாற்றுப் பக்கத்தில் காரணத்தோடு. உங்கள் ரசிகர் ஒருவர் ஆர்வ மிகுதியில் உங்கள் இருபது விடைகளுக்கு ஒரே மூச்சில் வாக்களித்தாலும் இதே கதிதான். அப்போது வருத்தப்பட வேண்டாம், உங்கள்மேல் குற்றமில்லை.

இயந்திரம் எழுதிய விடைகளை ஒட்டுவது புதிய தந்திரம். சாட்ஜிபிடி வெளியான சில நாள்களிலேயே, 2022 டிசம்பரில், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதைத் தடைசெய்தது. அந்த விடைகளின் ஆபத்து, அவை பார்க்கச் சரியாகவே இருப்பதுதான். சரிபார்க்கும் வேலை மற்றவர்கள் தலையில் விழுகிறது.

ஒன்பதாம் படி: புள்ளிக்கு வெளியே உள்ள மதிப்பு

மொத்தப் புள்ளியைவிட நான் மதிப்பது குறிச்சொல் பதக்கத்தை. ஒரு துறையில் குறைந்தது 200 விடைகள் எழுதி, அவற்றுக்கு நிகரமாக 1,000 வாக்கு சேர்ந்தால் தங்கம். அதை வைத்திருப்பவர், அந்தத் துறையில் ஏற்கெனவே விடை உள்ள கேள்வி மறுபடி கேட்கப்பட்டால், தனியாளாகவே அதை மூட முடியும். எந்தத் துறையில் ஆழம் என்பதை மொத்த எண் சொல்லாது, இந்தப் பதக்கம் சொல்லும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது புள்ளியை எழுதாதீர்கள். உங்கள் விடைகளில் சிறந்த இரண்டுக்கு இணைப்புக் கொடுங்கள். தேர்வு செய்பவர் ஒருவேளை அந்தத் தளத்தையே பயன்படுத்தாதவராக இருக்கலாம், ஆனால் தெளிவாக விளக்கத் தெரிந்தவரை எவருக்கும் அடையாளம் தெரியும்.

தொடர்ந்து நூறு நாள் வருகைக்கும் பதக்கம் உண்டு. அதைத் துரத்தி, தொண்ணூற்றிரண்டாம் நாள் பயணத்தில் தவறவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிய மூடன் நான். வேண்டாம்.

பத்தாம் படி: பழைய விடைகளைப் பராமரியுங்கள்

ஆண்டுக்கு இருமுறை, அதிகம் பார்க்கப்படும் உங்கள் விடைகளைத் திறந்து பாருங்கள். நான் முதலில் சொன்ன அந்த மூன்று வரி விடையின் கீழே, சென்ற ஆண்டு ஒருவர் கருத்து எழுதியிருந்தார்: "புதிய பதிப்பில் இது வேலை செய்யவில்லை." சோதித்தேன். அவர் சொன்னது சரி. அதற்குப் பிறகும் வாக்குகள் விழுந்துகொண்டே இருந்திருக்கின்றன, எப்படி என்றுதான் தெரியவில்லை. நான்காவது வரியாக, எந்தப் பதிப்பிலிருந்து என்ன மாறியது என்று சேர்த்தேன். கருத்து எழுதியவருக்கு நன்றி சொன்னேன். அன்றைக்குப் புள்ளி எதுவும் ஏறவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் தன் கருத்தை நீக்கிவிட்டிருந்தார்.